ஆறாம் மாடியிலிருந்து ஒரு கேக்

முறைப்பாட்டுப் புத்தகத்தில் பஸ்மியா எழுதியிருந்தார்:
"லிப்ட் நிற்கிற நேரம் உதறுகிறது.
போன கிழமை இரண்டு ரோசாப்பூ விழுந்தது.
நாளைக்கு மூன்று தட்டுக் கேக்."
அதற்குக் கீழே
தெகிவளை மண்டபத்தின் பெயர்,
காலை ஏழு மணி,
இரண்டு தரம் கோடிட்டு.

வெள்ளவத்தை. இரவு ஒன்றேகால்.
மொட்டைமாடி மெஷின் அறையில் நான்.
பெட்டிக்குள் இந்திக,
தரையில் ஒரு கிளாஸ் பிளேன்டீயோடு.
எங்கள் கம்பனியிடம் அதிர்வுமானி இருக்கிறது;
அது கண்டியில் இருக்கிறது.

"அக்கா, வட்டம் வருது,
நடுவில இருந்து ஓரத்துக்கு."
எண்ண முடியுமா என்றேன்.
"ஏலாது. ஈ பறக்கிற மாதிரி."

எண்ண முடியாததைக் கணக்குப் போடலாம்.
தளத்தை நெருங்கும்போது நான்கு ஹெர்ட்ஸ்.
சுற்றுக்கு ஆறு உதறல்,
செக்கனுக்கு இருபத்துநான்கு.
ஆறு என்றால் அது இன்வேர்ட்டரின் கைவேலை:

மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச்.
இரண்டும் ஒன்றாக விழித்திருந்தால் வெடிக்கும்.
ஆகவே ஒன்று உறங்கிய பிறகே மற்றது எழும்ப வேண்டும்.
நடுவில் மூன்று மைக்ரோசெக்கன்
காவலுக்கு யாருமில்லை.
மின்னோட்டம் தன் பாட்டுக்குப் போகிறது.
வேகமாய் ஓடும்போது தெரியாது.
மெல்லப் போகையில்தான்
ஒவ்வொரு சில்லறைக் களவும் கணக்கில் விழும்.

களவு போனதைத் திருப்பிக் கொடுக்க
மெனுவின் அடியில் ஒரு இலக்கம் இருக்கிறது.
ஆறு வருடமாய் அது பூச்சியத்தில் கிடந்திருக்கிறது.
பொருத்தியவர் அவசரத்தில் இருந்திருப்பார்.
அல்லது அது சனிக்கிழமை.

மூன்று என்று கொடுத்தேன்.
மோட்டரின் தடையை மறுபடி அளக்கவிட்டேன்.
சுவிட்சுகளின் துடிப்பை எட்டுக் கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன்:
சீழ்க்கை மெலிந்தது, வெப்பத்தகடு விரலைச் சுட்டது.
ஆறுக்கு இறக்கினேன்.

"இப்ப?"
"ஈ போயிட்டுது. ஆனா இப்ப எண்ணலாம்."
எண்ணும்போது மட்டும் அவன் சிங்களத்துக்குப் போய்விடுவான்:
எக்காய், தெக்காய், துனாய், ஹதராய்.

நான்கு. சுற்றுக்கு ஒன்று.
இது சுவிட்சின் வேலையில்லை,
அளக்கிறவரின் வேலை.

பிரேக்கை இறுக்கினேன்.
மோட்டருக்கு ஒன்றுமே கொடுக்காமல்
மூன்று கம்பியின் சென்சர்களையும் விசாரித்தேன்:
எவ்வளவு ஓடுகிறது?
இரண்டு சொன்னது, இல்லை.
நடுக்கம்பியில் இருந்தது சொன்னது, அரை அம்பியர்.

ஒன்றும் ஓடாத நேரத்திலும்
அரை அம்பியர் ஓடுவதாய் நம்பும் சென்சர்.
அதன் பேச்சைக் கேட்டு
இல்லாததைத் திருத்தித் திருத்தி
செக்கனுக்கு நான்கு தரம்
ஒரு கட்டடத்துச் சனத்தையே உலுக்கியிருக்கிறது.

கோபப்பட எனக்கு என்ன உரிமை?
பாமன்கடைப் பாலத்தில்
சோதனைச் சாவடி எடுத்து எத்தனை காலம்.
பஸ் அங்கே திரும்புகையில்
இன்னும் என் கை
அடையாள அட்டையைத் தொட்டுப் பார்க்கிறது.

அரையைக் கழித்தேன்.

நாலரைக்கு "அக்கா, வட்டம்!" என்றான் இந்திக.
லிப்ட் நின்றுகொண்டிருந்தது.
"அது கடற்கரை ரயிலடா.
தேத்தண்ணியைக் குடி."

ஆறு மணிக்குக் கேக் இறங்கியது.
மூன்று தட்டைப் பிடித்தபடி
பஸ்மியாவின் இரண்டு கை, அவர் மச்சானின் இரண்டு கை.
நான் பொத்தான்களோடு ஒட்டி நின்றேன்.
ஐந்து. நான்கு. மூன்று.
நிற்கப்போகும் அந்தக் கடைசிச் சாணில்
யாரும் மூச்சுவிடவில்லை.

ஒரு வெள்ளி மணி, மிளகளவு,
இரண்டாம் தட்டிலிருந்து கழன்று
கதவுக் காடிக்குள் உருண்டது.

பஸ்மியா என்னைப் பார்த்தார்.
பூச்சியம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.
"குறைக்கப்பட்டது" என்றுதான் வேலைத்தாளில் எழுதுவோம்.

"ஒண்டுதானே" என்றார்.
கைப்பையிலிருந்து இன்னொரு மணியை எடுத்து
இடுக்கியால் அதன் இடத்தில் பதித்தார்.
பிறகு பேனையை வாங்கி
ஐசிங் ஒட்டிய விரலோடு கையெழுத்து வைத்தார்.

அலுவலகத்தில் அந்தத் தாளை
எறும்பு மொய்த்தது.